மூட்டுக்குள் வைத்த குங்குமம்

ஒட்டும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஏசி அறை, வெள்ளைக் கையுறை, தலைக்கு வலை, பசையைத் தானே அளந்து விடும் இயந்திரக் கை. ஒரகடத்தில் கார் கண்ணாடியைக்கூட மனிதக் கை படாமல் ஒட்டுகிறார்களாம். நாங்கள் ஒட்டிய காலத்தில் தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அந்தக் கூரையில் ஒரு புறாக் குடும்பம். பசை கலக்கும்போது புறாவை விரட்டவென்றே ஒருவர் துண்டோடு நிற்க வேண்டும்.

எந்தப் பசைக்கு எவ்வளவு கலவை, எத்தனை நேரம் காய வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துக்கொள்ளுங்கள், நான் வேறு சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. ஒட்டியதைத் திரும்பப் பிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்கிற ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அதைப் பற்றிச் சுவரில் ஒன்றும் எழுதவில்லை. எனக்கு அந்த நேரம் ஒரு சைக்கிள் வடிவத்தில் வந்தது.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் அந்த மே மாதத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் சொல்வது அதே வருஷத்து ஆயுத பூஜை. ஊர் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கியிருந்த நேரம். தண்டலம் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் பட்டறை. அலுமினிய ஏணி செய்வோம், பேருந்துக்குப் பக்கவாட்டுப் பலகை ஒட்டுவோம். நான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், திட்டு வாங்குகிற இடத்தில் முதல் ஆள், அவ்வளவுதான்.

அங்கே ஒரு நாள் படப்பை பஸ்ஸில் இருந்து ஒரு பெண் இறங்கினாள். கண்டக்டர் மேலே ஏறி ஒரு சைக்கிளை இறக்கிக் கொடுத்தார். அதை அவள் ஒரு கையால் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்ததும் எங்கள் வெல்டர் தனபால் அண்ணன், "இன்னாப்பா இது, வாழமட்டை மாதிரி தூக்கிகினு வருது!" என்றார். அவ்வளவு எடை குறைந்த வண்டி. வெளிநாட்டில் செய்த அலுமினிய பிரேம். பெங்களூரில் ஓட்டி ஓய்ந்த ஒருவர் அவளுக்குக் கொடுத்தது. அந்த மாதிரி பிரேமில் வெல்டிங் ஒரு இடத்தில்கூட இருக்காது. குழாய்களை மூட்டுகளுக்குள் நுழைத்துப் பசையாலேயே ஒட்டியிருப்பார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய சங்கதி.

அவள் பெயர் சுகந்தி. அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த மாதக் கடைசியில் சைக்கிள் பந்தயத் தேர்வு. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்த நேரம் பார்த்து வண்டியின் பின்பக்கம் 'கிரீச் கிரீச்' என்று கத்த ஆரம்பித்திருக்கிறது. பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் கவ்வி இருக்கிறதே, அதற்குள் கீழ்க்குழாய் நுழையும் மூட்டில் ஒட்டு விட்டுப்போயிருந்தது.

"பூந்தமல்லில ஒருத்தரு வெல்டிங் வெச்சுத் தரேன்னாருண்ணா. பயந்துகினு வந்துட்டேன்" என்றாள்.

பயந்தது நல்லதாய்ப் போயிற்று. அந்தச் சூட்டில் பக்கத்து மூட்டின் பசையெல்லாம் வெந்துபோய், பிரேமைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

நான் வேலையை ஏற்றுக்கொண்டேன். பந்தய சைக்கிளை அதற்கு முன் நான் தொட்டதில்லை. ஆனால் அலுமினியமும் பசையும் எங்களுக்குத் தெரியும், அவற்றுக்குப் பந்தயம் தெரியாது. மேல்பக்க போல்ட்டைக் கழற்றி, மூட்டைப் பிரித்தோம். உள்ளே வெள்ளையாகத் தூள் தூளாக உதிர்ந்தது. பழைய ஒட்டைச் சுரண்டித் தேய்த்துச் சுத்தம் செய்தவர் பரிபூரணம் என்பவர். வடக்குப்பட்டுப் பெண், சர்ச் பாட்டுக் குழுவில் முன்வரிசை, எங்கள் பட்டறையிலேயே கை மிகச் சுத்தம். அவர் துடைத்த அலுமினியத்தின் பக்கம் நான்கூட மூச்சு விடப் பயப்படுவேன். ஒட்டுகிற இடத்தில் விரல் பட்டால் அந்த விரலின் எண்ணெய் போதும், பசை அந்த இடத்தைப் பிடிக்காது. இது உங்களுக்குத் தெரியும். அன்று பட்டறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சுத்தம் செய்த கையோடு ஒட்டியிருக்கலாம். ஆனால் பசை டப்பா சென்னையில் இருந்து வர வேண்டியிருந்தது, மறுநாள் ஆயுத பூஜை. பரிபூரணம் துண்டுகளை வெள்ளைத் துணியால் மூடி, "யாரும் தொடாதீங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். பூஜை தடபுடலாக நடந்தது. லேத்துக்கு மாலை, ட்ரில்லுக்குச் சந்தனம், ஏணி ஒவ்வொன்றுக்கும் பொட்டு, வாசலில் பூசணிக்காய். இதற்கெல்லாம் தலைவர் தனபால் அண்ணன்தான். வருஷம் முழுவதும் எங்களை ஏசிக்கொண்டே இருப்பவர், அன்று ஒரு நாள் மட்டும் குருக்கள் மாதிரி சாந்தமாக நடமாடுவார். விஜயதசமி காலையில், நல்ல நாள் என்று, பரிபூரணம் துணியை எடுத்து, பசை தடவி, மூட்டைச் சேர்த்து இறுக்கிக் கட்டினார். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டோம்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை வண்டியை வாங்க சுகந்தி வந்தாள். ஞாயிறு பந்தயம். அவளே ஒரு துணியை எடுத்து வண்டியைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் மூட்டின் அருகே நின்று, "அண்ணா, இது இன்னா செவப்பா கீது?" என்றாள்.

மூட்டை அழுத்தும்போது கொஞ்சம் பசை வெளியே பிதுங்கி வரும் அல்லவா, அது காய்ந்து ஒரு ஓரமாக நின்றிருந்தது. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய பசையில் ஒரு இடத்தில் சிவப்பு இழை ஓடியிருந்தது. பரிபூரணம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து நேராகத் தனபால் அண்ணனைப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் வெச்சேன்" என்றார் அவர், பெருமை தாங்காமல். "எல்லா மிசினுக்கும் வெச்சுட்டு, பொண்ணு வண்டிக்கு மட்டும் வெக்காம வுடுவனா?"

"அண்ணே, அதுக்குன்னு உள்ளேயா வெப்பீங்க?" என்றேன்.

"வெளிய வெச்சா இன்னாத்துக்கு ஆவும்? மழக் காலம்பா. ஒரு தூறல் போட்டா போச்சு. உள்ளாற வெச்சா ஆயுசுக்கும் இருக்கும்."

"எதுல கொழைச்சீங்க?"

"நல்லெண்ணெயில. தண்ணியில கொழைச்சா காஞ்சி உதுந்துடாதா?"

பரிபூரணம் பக்கத்தில் இருந்த ஏணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "தொடாதீங்கன்னு சொன்னேனே அண்ணே!"

"நான் எங்கம்மா தொட்டேன்? வெரல்ல கொஞ்சம் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஆழத்துல வெச்சேன், அவ்ளோதான்."

"அந்தப் பொண்ணுக்காக நானுந்தான் ஜெபம் பண்ணேன். வாயால பண்ணேன். கைய வெக்கல" என்றார் பரிபூரணம்.

இன்றைக்கு நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்று எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் அவர் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. அவர் பழைய இரும்புக் கதவு செய்து வளர்ந்த வெல்டர். துரு, பெயின்ட், கிரீஸ் எதுவானாலும் அவருடைய நெருப்பு எரித்துவிட்டுப் போகும். நம் தொழிலில் எரிக்க நெருப்பு கிடையாது, வைத்தது வைத்தபடியே இருக்கும். இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

கத்துவதற்கு வாயைத் திறந்தவன் சுகந்தியைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவள் அந்த மூட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்காக உள்ளயே வெச்சீங்களா?" என்றாள் தனபால் அண்ணனிடம். பிறகு என்னிடம், "பரவால்லண்ணா. சாமி குங்குமம் உள்ள கீறது நல்லதுதான? இத்த போயி பிரிக்காதீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் தாங்கும் இல்ல?"

தாங்கும் என்று சொல்வதற்கு எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? பொட்டு ஒன்றே ஒன்று. மீதி இடமெல்லாம் பரிபூரணம் துடைத்த சுத்தமான அலுமினியம். சுகந்திக்குச் சந்தோஷம், தனபால் அண்ணனுக்குச் சந்தோஷம். பிரித்துத் திரும்ப ஒட்டினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் காய வேண்டும், காயாவிட்டால் பந்தயமே இல்லை, வேலையும் இல்லை. பிரிக்காமல் கொடுத்து, மேடு பள்ளத்தில் முழு வேகத்தில் போகும்போது பின் சக்கரம் விலகினால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் நம் மூளை நமக்கு வேண்டிய பதிலைத் தேடித்தான் ஓடும். என் மூளையும் ஓடியது.

"பேசிகினு இருந்தா எப்டி? தொங்கிப் பாத்துடலாம்" என்றார் தனபால் அண்ணன். பிரேமை வைஸில் இறுக்கி, நானும் அவரும் லேத்துக்காரரும் அதில் தொங்கினோம். மூன்று பேரும் நல்ல சாப்பாட்டுக்காரர்கள். மூட்டு ஒரு முனகல்கூட முனகவில்லை. "பாத்தியா?" என்று தனபால் அண்ணன் கையைத் தட்டினார். சுகந்தி சைக்கிளைத் தூக்கவே போய்விட்டாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நாங்கள் மூவரும் சும்மா தொங்கினோம், சக்கரம் அப்படித் தொங்காது. ஆயிரம் முறை உதறும், முறுக்கும். அது இருக்கட்டும். நல்லெண்ணெய் ஒட்டுவதற்கு முந்தின இரவு முழுவதும் அந்தக் குழிக்குள் எவ்வளவு தூரம் பரவியது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குறைவான பலம் என்று தெரிந்தால் அதற்கேற்ப ஓட்டச் சொல்லலாம். எவ்வளவு என்றே தெரியாத ஒன்றை எந்த முகத்தோடு எடுத்துக் கொடுப்பது?

ஆனால் வேண்டாம் என்று நான் சொன்னால் அது சாமிக்கு எதிராக ஒரு சூப்பர்வைசர் சொல்வதாக ஆகிவிடும். அதனால் விவாதம் செய்யவில்லை. சீக்கிரம் இறுகும் சின்னக் குழாய்ப் பசை ஒன்று எங்களிடம் இருந்தது. குப்பையில் கிடந்த அலுமினியத் துண்டுகளை எடுத்து, பரிபூரணத்தைத் துடைக்கச் சொல்லி, இரண்டு ஜோடியாகப் பிரித்தேன். "அண்ணே, அன்னிக்கு வெச்ச மாதிரியே ஒரு ஜோடிக்கு வையுங்க" என்றேன். அவர் பூஜை மாடத்தில் இருந்து குங்குமம் எடுத்து வந்து, எண்ணெயில் குழைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டே வைத்தார். இரண்டு ஜோடியையும் ஒட்டினோம். டீ வாங்கிக் குடித்தோம். மேலே புறா மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

"நீங்களே அடிங்க" என்று சுத்தியலை அவரிடம் கொடுத்தேன்.

பொட்டில்லாத ஜோடியை அவர் அடித்தார், அடித்தார், துண்டுதான் வளைந்தது. பொட்டு வைத்ததை அப்படி அடிக்கவே இல்லை. மெல்ல ஒரு தட்டு. 'டப்' என்று பிரிந்து கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். அவர் வைத்த பொட்டை விடப் பெரிதாக, உள்ளங்கை ரேகை மாதிரி எல்லாப் பக்கமும் எண்ணெய் ஓடியிருந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அவர் சுகந்தியிடம் போனார்.

"பிரிச்சுடலாம்மா" என்றார். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

சுகந்தி அவர் கையில் இருந்த துண்டைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். "நான் இங்கியே நின்னு பாக்கறேன்" என்றாள்.

பக்கத்து மூட்டுகளை ஈரத்துணியால் சுற்றிவிட்டு, கொதிக்கும் நீரைக் கெட்டிலில் கொண்டுவந்தோம். நன்றாகப் பிடித்த மூட்டு என்றால் கெட்டில் கெட்டிலாக ஊற்றி, முறுக்கி, வியர்த்து வழிய வேண்டும். முதல் கெட்டில் பாதி ஆகும்போதே தனபால் அண்ணன் கையோடு அது வந்துவிட்டது. மூன்று பேர் தொங்கிய மூட்டு! உள்ளே ஏறக்குறைய பாதி வட்டத்துக்குச் சிவப்பாக வழவழவென்று இருந்தது. பசை அங்கே அலுமினியத்தைத் தொட்டதே இல்லை. பரிபூரணம், "ஆண்டவரே" என்று நெஞ்சில் கை வைத்தார். பக்கத்தில் தனபால் அண்ணன், "முருகா" என்றார். எனக்கு இருவரும் சொன்னது சரி என்றே பட்டது.

திரும்பச் சுத்தம் செய்து, திரும்ப ஒட்டினோம். இந்த முறை மூட்டைச் சேர்க்கும் வரை தனபால் அண்ணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளியே நின்றார். அடுத்த கவலை காய வைப்பது. இதமான சூட்டில் வைத்தால் சீக்கிரம் இறுகும், அதிகச் சூடு ஆகாது. வெளியே மழை. இந்த ஊரில் இரவு பகல் ஒரே சூடாக எந்த இடம் இருக்கும் என்று நான் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது பரிபூரணம் சொன்னார்: "எங்க ஊர்ல குஞ்சு பொரிக்கிற பண்ணை கீதே சார். எங்க அக்கா அங்கதான் வேல செய்யுது. முட்டை வெக்கிற ரூம்ல எப்பவும் ஒரே சூடு. கரண்டு போனா ஜெனரேட்டர் போடுவாங்க. மனுசனுக்குக்கூட அப்டி போட மாட்டாங்க."

அப்படித்தான் ஒரு வெளிநாட்டுப் பந்தய சைக்கிளின் பிரேம் வடக்குப்பட்டில் முட்டைத் தட்டுகளுக்கு நடுவில் அடைகாக்கப்பட்டது. கூடவே அதே பசையில் ஒட்டிய ஒரு மாதிரித் துண்டையும் வைத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் எடுக்கப் போனபோது அந்த அக்கா, "உங்களுது பொரிக்கல சார், நல்ல முட்டையா பாத்து வாங்கினு வாங்க" என்று ஒரே கிண்டல். மாதிரித் துண்டைத் தனபால் அண்ணனிடம் கொடுத்தேன். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். கை சலித்து நிறுத்தினார், துண்டு பிரியவில்லை.

பிரேமை ஒப்படைக்கும்போது சுகந்தியிடம் உள்ளதைச் சொன்னேன். "முழுசா இறுக இன்னும் ரெண்டு மூணு நாளு வேணும்மா. இப்ப இருக்கிற பலம் போதும்னுதான் இந்தத் துண்டு சொல்லுது. இதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அவள், "சரிண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் தனபால் அண்ணனும் பரிபூரணமும் ஒரகடம் சாலையில் ஏரிக்கரை வளைவில் போய் நின்றோம். பரிபூரணம் அன்று மட்டும் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். சாலை நனைந்து கிடந்தது. சரியாக வளைவு முடிகிற இடத்தில் ஒரு பள்ளம், அதில் மழைத் தண்ணீர். முன்னால் வந்த பெண்கள் பள்ளத்தைப் பார்த்து பிரேக் பிடித்து, வேகம் குறைத்து, விலகிப் போனார்கள். சுகந்தி அவர்களுக்குப் பின்னால் வந்தாள். அவள் குறைக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் நேராகப் பள்ளத்துக்குள் இறங்கினாள். பின் சக்கரம் 'டம்' என்று விழுந்து எழுந்த சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. தனபால் அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தபோது அவள் இரண்டு பேரைத் தாண்டித் தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

நாங்கள் முடிவு எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவள் இரண்டாம் இடத்தில் வந்திருந்தாள். வேலை கிடைத்தது. தனபால் அண்ணன் முடிவு எல்லையில் நின்றவர்களுக்கெல்லாம் யாரென்று பார்க்காமல் சோடா வாங்கிக் கொடுத்தார்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் நான் அவளிடம் போனேன். வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன், வாயில் வந்தது வேறு. "அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுதுண்ணா."

"அப்புறம் ஏம்மா பிரேக் புடிக்கல? எனக்கு உயிரே போயிடுச்சு."

மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "நீங்க அத்த பிரிச்சதப் பாத்துகினு நின்னேனே. அன்னிக்கே 'நல்லா கீது, எடுத்துகினு போ'ன்னு சொல்லியிருந்தீங்கன்னா, புடிச்சிருப்பேன்."